வெளியே தொங்கிய பூட்டு: தாராவியில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூலை இரண்டாவது வாரம். மழை விடவே இல்லை. மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம், எதிரில் ஆள் வந்தால் ஒருக்களித்து நிற்க வேண்டிய சந்து. இரும்பு ஏணியில் ஏறி ஒரு மேல்மாடிக் கோலியின் (ஒற்றை அறை வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) முன்னால் நின்றேன். கையில் இருந்தது காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களின் பட்டியல். கதவில் வெளியே பூட்டு தொங்கியது. "ஆள் இல்லை" என்று குறித்துக்கொண்டு இறங்கத் திரும்பினேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "யாருளா அது? கதவத் தொறயேன்."

வயதான பெண்ணின் குரல். சாவி யாரிடம் என்று கேட்டேன், பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியை அதே ராகத்தில் மறுபடி கேட்டார். கீழே அப்பளம் காயவைக்கும் அக்கா, மழைக்காகக் கூடைகளை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னார்: "அது ஆச்சி. அவரு பதினோரு மணிக்கு வந்து தொறப்பாரு. தெனமும் அப்படித்தான்."

இந்த ஆய்வு அந்தப் பூட்டைப் பற்றியது. எட்டு மாதம் எங்கள் சின்னக் குழு அந்த வீட்டோடு இருந்தது. குழுவில் சமூகப் பணியாளராக நான், ஒரு நர்ஸ், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் ஒரு டாக்டர். வீட்டுக்காரரின் பெயரை எழுதவில்லை. எழுதியதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே வெளியே தருகிறேன். நெல்லைக்காரர் என்பதால் சந்தில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நானும் அப்படியே எழுதுகிறேன்.

மஞ்சள் பையில் ஐந்து கேஸ் பேப்பர்

அண்ணாச்சிக்கு 54 வயது. நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். 17 வயதில் பம்பாய் வந்தார். தோல் ஷாப்பில் வேலை செய்த பெரியப்பா வீட்டில் தங்கி, பிறகு இட்லி வியாபாரத்துக்கு மாறினார். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். துணி விரித்த தட்டில் இட்லி ஊற்றி, சட்னியைத் தனி வாளியில் கட்டி, ஐந்தரைக்கு சைக்கிளில் கிளம்பினால் மாட்டுங்கா, வடாலா சுற்றிவிட்டு வீடு திரும்ப பதினொன்று ஆகும். மனைவி இருந்தவரை மாவாட்டுவது, சட்னி அரைப்பது, தன் அம்மாவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. 2022 அக்டோபரில் மனைவி இறந்துபோனார். ஒரே மகன் அதற்கு முன்பே சண்டை போட்டுக்கொண்டு புனே போய்விட்டான். வீட்டில் மிஞ்சியது அண்ணாச்சியும் மாமியாரும்தான். அவர் "அத்தை" என்று கூப்பிடுவார், சந்து "ஆச்சி" என்று கூப்பிடும்.

இரண்டாவது முறை போனபோது ஆள் இருந்தார். ஊர் ஜவுளிக்கடையின் மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஐந்து கேஸ் பேப்பர்கள், அதாவது மருத்துவமனைச் சீட்டுகள், ஒவ்வொன்றும் வேறு கவுன்ட்டரில் போட்டது. தரையில் விரித்துத் தேதிவாரியாக அடுக்கிய பிறகுதான் கதை பிடிபட்டது.

ஏப்ரலில் இருமல், எடை குறைவு. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதி. மாத்திரை தொடங்கியது. மறுநாள் காலை சிறுநீர் செக்கச்செவேல் என்று போயிருக்கிறது. அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் மருந்தால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு அது ரத்தமாகத் தெரிந்தது. முதல் நாளே யாரோ சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருக்கலாம், இந்தியில். 37 வருடமாக இங்கே பிழைப்பவருக்கு வியாபார இந்தி தண்ணீர்பட்ட பாடு. உடம்பைப் பற்றிய இந்தி வேறு. வலி குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்று கேட்டால் அவருக்கு வாய் வராது, "ஹா, ஹா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

இரண்டாவது பேப்பரும் ஏப்ரல்தான். குடித்தால் ஈரல் கெட்டுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி போனதிலிருந்து தூக்கத்துக்காக ராத்திரி ஒரு குவார்ட்டர் பழக்கம். அவர் சொன்ன சொல் கேட்டு ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுக்கம், வலிப்பு. ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரண்டு நாள் இருந்தார். ரத்தத்தில் சர்க்கரை 380 என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பேப்பரில் காசநோய் என்ற வார்த்தையே இல்லை. காசநோய்ப் பேப்பரில் வலிப்பு இல்லை. இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். அவர் இணைத்தது இப்படி: "டிபி மாத்திரை ஒத்துக்கல, மூத்திரம் ரத்தமாப் போச்சு, ஃபிட்ஸ் வந்துருச்சு." மாத்திரையை விட்டார், குவார்ட்டருக்குத் திரும்பினார். அவருக்குத் தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மூன்றாவது பேப்பர் ஜூனில். வலது காலில் பெருவிரலுக்குக் கீழே புண். மழைத்தண்ணீரில் ரப்பர் செருப்போடு சைக்கிள் மிதித்ததில் வந்தது, எப்போது வந்தது என்றே அவருக்குத் தெரியாது. நாலாவதும் ஐந்தாவதும் அவசரப் பிரிவுக்கு மறுபடி போன பேப்பர்கள். இரண்டின் ஓரத்திலும், வெவ்வேறு கையெழுத்தில், சொன்னதைக் கேட்காத நோயாளி என்ற பொருளில் ஒரு குறிப்பு.

புறநோயாளிப் பிரிவு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு. அவர் இட்லி விற்றுத் திரும்புவது பதினொன்று. அந்நேரத்துக்கு ஆச்சி ஐந்தரை மணி நேரமாகப் பூட்டிய கதவுக்குள் இருந்திருப்பார். திறந்து, கழுவிவிட்டு, சோறூட்டி, மறுபடி பூட்டிவிட்டு வரிசையில் போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. இதுதான் காரணம். ஐந்து பேப்பரிலும் இது இல்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. பட்டியலோடு முதல் நாள் போன நானும் மாத்திரையைப் பற்றித்தான் கேட்க நினைத்திருந்தேன்.

அத்தையைப் பூட்டாமல் போகணும்

மருத்துவத் தேவையும் சமூகத் தேவையும் பின்னிக் கிடக்கும் இப்படிப்பட்டவர்களுக்காக உலகின் பல இடங்களில் சமூகம் சார்ந்த பராமரிப்பு முறைகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. பெயர்கள் வேறு வேறு, அடிப்படை ஒன்றுதான்: நோய்க்கு ஒரு வரிசை என்று இல்லாமல் ஆளுக்கு ஒரு திட்டம், அந்தத் திட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர், முதலில் எதைச் சரிசெய்வது என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு. கடைசியாகச் சொன்னதைப் பயிற்சி வகுப்புகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இங்கேதான் தெரிந்தது.

எங்கள் பட்டியலில் முதலிடம் காசநோய்க்கு. இருமினால் மற்றவர்களுக்குப் பரவும் என்பதால் அது நியாயமும்கூட. டாக்டருக்குக் கால் புண்தான் அவசரம், சர்க்கரை 400-ஐத் தொடும்போது விரல் போய்விடும் என்ற கவலை. அண்ணாச்சியிடம் கேட்டோம்: "ஒங்களுக்கு எது மொதல்ல சரியாகணும்?" அவர் யோசிக்கவே இல்லை. "அத்தையப் பூட்டாம போகணும் தங்கச்சி. தீ கீ பிடிச்சா நான் என்ன செய்வேன்."

சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தோம்.

ஆச்சிக்கு 76 வயது. ஊரில் தனியாக இருந்தவரை ஆறு வருடம் முன்பு மகள் இங்கே அழைத்து வந்திருக்கிறார். மகள் இறந்தது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தினமும் கேட்பார், தினமும் புதிதாக அழுவார். அண்ணாச்சி சில மாதங்களில் அதற்கும் பதில் கண்டுபிடித்துவிட்டார்: "கடைக்குப் போயிருக்கா." இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களை வீட்டில் இருப்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். தைராய்டு, பி12 குறைபாடு போலச் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தோம். பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டோம். கொஞ்சம் தெளிவு வந்தது, ஆனால் மறதி மறதிதான். அதே வீட்டில் மூச்சுவிடுபவர் என்பதால் மார்பு எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதிசெய்து, வாரம் ஒரு முறை என 12 வாரம் தடுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள்.

கூட உட்கார ஆள் வேண்டும். சந்திலேயே தேடினோம். அப்பளக்கார அக்கா தானாக முன்வந்தார். காலை ஆறு முதல் பதினொன்று வரை அவருக்கும் வேலை வீட்டு வாசலில்தான். ஆச்சியைக் கீழே கொண்டுவந்து உட்காரவைத்தால் பார்த்துக்கொள்வேன் என்றார். மாதம் 2,000 ரூபாய் தருவதாகப் பேசினோம். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஐந்து மணி நேரம் ஒருவரின் உயிருக்குப் பொறுப்பாக இருப்பது வேலை. பக்கத்து வீட்டுப் பெண் அன்பால் செய்கிறாள் என்று அதை இலவசமாக எடுத்துக்கொள்ளும் திட்டங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்பு இருக்கத்தான் செய்கிறது, அதற்காகக் கூலி இல்லாமல் போகக்கூடாது.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டுக் காட்டினார். ஆச்சியின் முன்னால் ஒரு பலகை, ஒரு உருட்டுக்கட்டை, ஒரு உருண்டை மாவு. மகளின் மரணத்தைத் தக்கவைக்க முடியாத மூளை, கைக்கு மட்டும் எதையோ விட்டுவைத்திருந்தது. மாவைத் தேய்த்து, கால் திருப்பு திருப்பி, மறுபடி தேய்த்து, ஓரம் நடுவைவிட மெலிதாக வரும்வரை விடவில்லை. பாதி அப்பளம் சரியாக வந்தது. கவிழ்த்துப் போட்ட மூங்கில் கூடையின்மேல் அக்கா அதையும் காயவைத்தார்.

ஆனால் ஒவ்வொரு நாளும் இரும்பு ஏணியில் ஆச்சியை இறக்குவது எப்படி? காலில் புண் உள்ள மனிதர் 76 வயதுப் பெண்ணைத் தோளில் தாங்கி இறக்குவதை நான் பார்த்தேன், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கழிப்பறை சந்து முனையில் பொதுக் கழிப்பறைதான், ராத்திரி நேரத்திலும் அதே ஏணி. தரைத்தளத்தில் ஒரு கோலி பிடிக்க வேண்டும். வாடகை 1,500 ரூபாய் கூடுதல், டெபாசிட் தனி. எந்த சுகாதாரத் திட்டத்திலும் கோலி டெபாசிட்டுக்கு இடம் கிடையாது.

இங்கே கைகொடுத்தது ஊர்ச் சங்கம். அண்ணாச்சியின் ஊர்க்காரர்கள் தாராவியில் நூறு குடும்பத்துக்குமேல் இருக்கிறார்கள். ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவுக்காக வருடா வருடம் வரி பிரித்து வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும் போய்ப் பேசினேன். கொடைப் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். வரி பாக்கி வைத்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார், கேட்டது தப்பும் இல்லை. கடைசியில் வயதான ஒருவர், "அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற காசு, ஆச்சிக்குப் படியெறங்க ஆவட்டும்" என்றார். வட்டியில்லாக் கடனாக டெபாசிட் கிடைத்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி கீழே குடிவந்தார்கள். அன்றோடு அந்தப் பூட்டுக்கு வேலை போயிற்று.

மருத்துவம் நடந்த விதம்

ஒரு மாதத்துக்குமேல் இடைவெளி விழுந்ததால் சளியை மறுபடி பரிசோதித்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்று தெரிந்ததில் எல்லாருக்கும் உயிர் வந்தது. ஜூலை கடைசியில் சிகிச்சை முதலிலிருந்து தொடங்கியது. 46 கிலோ எடைக்கு நாளுக்கு 3 கூட்டு மாத்திரை, நரம்புக்காக பைரிடாக்சின். குடியை இந்த முறை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. மனநலப் பிரிவில் காட்டி, தயமின் (பி1 வைட்டமின்) கொடுத்து, நடுக்கத்துக்கு மருந்தோடு பத்து நாளில் படிப்படியாக இறக்கினார்கள். ஈரல் பரிசோதனை மாதம் ஒரு முறை. முதல் நாளே சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று நான் மூன்று தடவை சொன்னேன். மறுநாள் போன் செய்தார்: "நீ சொன்னாப்லயே செவப்பா போகுது தங்கச்சி." குரலில் திருப்தி.

சளி வழியாகப் பரவாத நிலைக்கு வரும்வரை வியாபாரம் கூடாது. சாப்பாடு வழியாகக் காசநோய் பரவாது, ஆனால் கூட்டத்தில் நின்று இருமக்கூடாது. அவருடைய சுற்றை, பக்கத்து இட்லிக்காரர் ஒருவர் மூன்று வாரம் எடுத்து ஓட்டினார், லாபத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தில்லாத ஒப்பந்தம். பத்து வருடம் முன்பு அவர் கால் முறிந்தபோது அண்ணாச்சி செய்ததாம். வாடிக்கையாளரிடம் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நோயைச் சொல்லியிருந்தால் சுற்று திரும்பக் கிடைத்திருக்காது என்பது உண்மை.

சர்க்கரைக்கு இன்சுலின் தொடங்கினார்கள். ரிஃபாம்பிசின், வழக்கமான பல சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். இரண்டையும் ஒரே டாக்டர் பார்த்தால்தான் இது கண்ணில் படும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? கும்பார்வாடாவில் போய் ஒரு சின்ன மண்பானையும் அதற்குள் இறங்கும் குவளையும் வாங்கினேன். பானையில் கால்வாசித் தண்ணீர், குவளைக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி. மண் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி. திறந்த குப்பி ஒரு மாதம் தாங்க அது போதும்.

அப்புறம் ஒரு தவறு நடந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பத்து நாள் ஆகியும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. ஊசியைத் தவறவிடுகிறார், அல்லது குடிக்கிறார் என்று நாங்கள் முடிவு கட்டினோம். நான் நேரிலேயே கேட்டேன். "சத்தியமா போடுதேன் தங்கச்சி" என்று தலைகுனிந்து நின்றார். பதினோராம் நாள் நர்ஸ் அவரை முன்னால் வைத்து ஊசி போடச் சொன்னார், அப்போதுதான் மூடியின் நிறத்தைக் கவனித்தார். ஆரஞ்சு. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். ஒரு மருந்துக்கடையில் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. மற்ற இடங்களில் கேஸ் பேப்பர் ஓரத்தில் எழுதியதை நாங்கள் வாயால் சொல்லியிருந்தோம். அன்று சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்த வீட்டில் இன்சுலின் தொடங்கினாலும், முதல் வாரம் எங்கள் கண் முன்னால் மருந்தை இழுத்துக் காட்டச் சொல்கிறோம்.

கால் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் கட்டுப் போட்டார். உணர்ச்சி போன பாதத்துக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு வேண்டும். தாராவியில் தோல் வேலைக்காரருக்கா பஞ்சம்? மூன்றாவது சந்தில் பை தைப்பவரிடம் ரப்பர் ஷீட்டைக் கொடுத்தோம். பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, புண் இருக்கும் இடத்துக்கு நேரே குழி விட்டுத் தைத்துக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் கோத்து வைத்தது ஒரு 80 பக்க நோட்டு. வாசல் ஆணியில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கும். நர்ஸ் மராத்தியில் எழுதுவார், டாக்டர் ஆங்கிலத்தில், நான் தமிழில். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆச்சி சாப்பிட்டால் ஒரு வட்டம், சாப்பிடாவிட்டால் ஒரு கோடு, விழுந்தால் ஒரு பெருக்கல் குறி. டாக்டர் வந்தால் முதலில் புரட்டுவது அந்த வட்டங்களைத்தான். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தாலும் நோட்டு கூடவே போகும்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவில்

பணம், காகித விஷயத்தில் எங்களால் பாதிதான் முடிந்தது. காசநோயாளிகளுக்கான நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து அது 1,000. அண்ணாச்சியின் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்ததால் முதல் தவணை வர அக்டோபர் ஆனது. முட்டையும் பருப்பும் வேண்டியிருந்தது ஆகஸ்டில்.

ஆச்சியின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் இருந்திருந்தால் 2024-ல் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. இங்கே வந்ததும் அது நின்றுபோனது. மகாராஷ்டிரத்தில் 65 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு ஷ்ராவண் பாள் திட்டத்தில் 1,500 ரூபாய் உண்டு, ஆனால் 15 வருடம் இந்த மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். ஆச்சி வந்து ஆறு வருடம்தான். அவருடைய தங்கை ஊரில் இருக்கிறார், தங்கைக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஒரே ரத்தம், ரயிலேறி இந்தப் பக்கம் வந்தவருக்கு அது இல்லை. பிழைக்க வந்தவர்களின் அப்பா அம்மா வயதாகி அவர்களிடமே வந்து சேருவது மும்பைத் தமிழர் வீடுகளில் சாதாரணம். உதவித்தொகை மட்டும் ஏன் ஆளோடு கூட வரக்கூடாது? ரேஷன் அரிசியை மாநிலம் தாண்டி வாங்கலாம் என்று ஆகிவிட்டதே.

கேம்டனும் மலப்புறமும்

இந்த வேலை பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் டாக்டர் ஜெஃப்ரி பிரென்னர் தொடங்கிய கூட்டமைப்பு, அடிக்கடி மருத்துவமனையில் சேரும் நோயாளிகளைக் கண்டுபிடித்து, நர்சும் சமூகப் பணியாளரும் வீட்டுக்குப் போய்க் கூடவே நடக்கும் முறையால் உலகப் புகழ் பெற்றது. பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், கூட நடந்த குழுவில் 62.3 விழுக்காடு, மற்றக் குழுவில் 61.7. வித்தியாசமே இல்லை.

அதைப் படித்தபோது எனக்குக் கை ஓய்ந்துபோனது. ஆனால் அண்ணாச்சி வீட்டுக் கதையை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு எனக்குப் புரிகிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம், போய்ச் சேரும் இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். நாங்கள் எத்தனை முறை வீட்டுக்குப் போயிருந்தாலும், தரைத்தளக் கோலியும் ஆச்சியோடு உட்கார ஒரு ஆளும் கிடைக்காமல் போயிருந்தால் ஆறாவது கேஸ் பேப்பர் வந்திருக்கும். கேம்டனில் வீடும் போதை சிகிச்சையும் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று அந்தக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் கேரளத்தில், மலப்புறத்தில் தொடங்கிய அக்கம்பக்க வலிநிவாரண வலையமைப்பு இருக்கிறது. பயிற்சி பெற்ற ஊர்த் தன்னார்வலர்கள், வீட்டுக்கே வரும் நர்ஸ், ஊருக்குள்ளேயே பிரிக்கும் சிறு தொகை. 2008-ல் மாநில அரசு அதையே கொள்கையாக்கி உள்ளாட்சிகளோடு இணைத்தது. எனக்கு அதில் பிடித்தது, ஊர் பிரித்த பணத்துக்கு அரசு பின்பலமாக நின்றது. எங்கள் கொடைப் பணத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

மார்ச் வரை

2025 பிப்ரவரியில் காசநோய் சிகிச்சை முடிந்தது. தீபாவளிக்குக் குடித்து ஆறு நாள் மாத்திரை தவறியது. யாரும் திட்டவில்லை, ஆறு நாளையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தமிழில் நடக்கும் மதுவிடுதலைக் கூட்டத்துக்கு வியாழன்தோறும் போகிறார். இரண்டாம் மாத முடிவிலேயே சளியில் கிருமி இல்லை. எடை 53 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.9-லிருந்து 8.2. நல்ல எண் இல்லை, ஆனால் விரல் இருக்கிறது, புண் நவம்பரில் மூடியது. நாங்கள் வருவதற்கு முந்தைய நான்கு மாதத்தில் அவசரப் பிரிவுக்கு மூன்று தடவை போனவர், அடுத்த எட்டு மாதத்தில் ஒரே தடவை போனார். அதுவும் ஆச்சி வழுக்கி விழுந்ததற்காக.

மகன் வரவில்லை. இரண்டு தடவை போனில் பேசினேன், "பார்க்கலாம்" என்றான். ஆச்சிக்கு மறதி கூடிக்கொண்டுதான் போகிறது. ஜனவரியிலிருந்து உருட்டுக்கட்டையைக் கையில் கொடுத்தால் வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா அப்படியே விட்டுவிடுகிறார், பிடுங்குவதில்லை.

பெரிய கவலை வேறு. தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு எங்கள் சந்துக்கும் வந்திருக்கிறது, கதவில் எண் போட்டிருக்கிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் சொந்தமாக இருப்பவர்களுக்கு இங்கேயே 350 சதுர அடி வீடு. மேல்மாடிக்காரர்களுக்கு தாராவிக்கு வெளியே. எங்களுக்கு உதவியவர்களை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். சுற்றை ஓட்டிய இட்லிக்காரர் மேல்மாடி வாடகை. செருப்புத் தைத்தவர் மேல்மாடி. அக்கா தரைத்தளம்தான், ஆனால் வாடகைக்கு. வீட்டுக்கு வீடு கிடைத்தாலும், ஆணியில் தொங்கும் நோட்டில் வட்டம் போட ஆறு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை. 2020 ஏப்ரலில் தாராவிக்குள் கோவிட் நுழைந்தபோது வீடு வீடாகப் போய் நோயைத் துரத்த முடிந்ததற்கு, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சந்துக்குத் தெரிந்திருந்தது ஒரு காரணம். உள்ளூர்த் தனியார் டாக்டர்களும் மாநகராட்சியோடு இறங்கி வேலை பார்த்தார்கள். எட்டு வருடம் இதே சந்துகளில் நடந்தவள் என்பதால் சொல்கிறேன், அந்தத் தெரிதல் இடம் மாறினால் கூடவே மாறி வராது.

அக்காவுக்கான 2,000 ரூபாய் எங்கள் கையிருப்பிலிருந்து மார்ச் வரை. அதன் பிறகு ஊர்ச் சங்கம் மாதா மாதம் தருமா என்று கேட்டிருக்கிறோம். அண்ணாச்சி டெபாசிட் கடனில் இதுவரை 9,000 ரூபாய் அடைத்திருக்கிறார், கூட்டத்தில் அது எடுபடும் என்று நம்புகிறேன். இந்த வருடக் கொடைக்கு வரி பிரிக்கும் கூட்டம் அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு. அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த இரண்டு மணி நேரம் ஆச்சியோடு நர்ஸ் உட்கார்ந்துகொள்வார்.